வேர்ட்பிரஸ் பிளக்இன்களைத் தேடும் என்மேப் ஸ்கிரிப்ட்: ஒரு தளத்தில் ஒன்றுமே வரவில்லை, இன்னொன்றில் நூறும் வருகிறது, எதை நம்புவது?

மதுரைப்பக்கம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வாடிக்கையாளர்களின் இணையதளங்களைப் பராமரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சமீபத்தில் கொஞ்சம் வேர்ட்பிரஸ் தளங்கள் மொத்தமாக எங்கள் கைக்கு வந்தன, முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எந்தக் குறிப்பும் தரவில்லை. எந்தத் தளத்தில் என்னென்ன பிளக்இன் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற துணை மென்பொருள்), எந்தப் பதிப்பு, எது அப்டேட் ஆகாமல் கிடக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டும். சில தளங்களுக்கு அட்மின் கடவுச்சொல் வந்துவிட்டது, சிலவற்றுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்காமல் வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப் கருவியோடு சேர்ந்தே வருகிற எச்டிடிபி-வேர்ட்பிரஸ்-எனம் ஸ்கிரிப்டை 443 போர்ட்டில், டைப் என்பதற்கு பிளக்இன்ஸ் என்று மட்டும் கொடுத்து ஓட்டினேன். தள உரிமையாளர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று.

வந்த முடிவுதான் தலை சுற்றுகிறது.

முதல் தளத்தில் போர்ட் திறந்திருக்கிறது என்ற ஒரு வரியோடு சரி, பிளக்இன் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் பிரவுசரில் பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் காண்டாக்ட் ஃபார்ம் 7, எலிமென்டர் இரண்டின் கோப்புப் பாதைகளும் பளிச்சென்று தெரிகின்றன.

இரண்டாவது தளத்தில் நேர்மாறு. நூறு பிளக்இன் இருப்பதாகப் பட்டியல், ஒன்றுக்கும் பதிப்பு எண் இல்லை. ஒன்றுக்கு ஒன்று போட்டியான எஸ்இஓ பிளக்இன்கள் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கின்றன, அது நடக்கிற காரியமே இல்லை.

மூன்றாவது தளத்தில் பார்வைக்குச் சரியான பட்டியல் வந்தது. ஆனால் முகப்பில் ஓடுகிற ஸ்லைடரின் பிளக்இன் அதில் இல்லை. வந்ததிலும் ஒரு பிளக்இனுக்கு ஸ்கிரிப்ட் காட்டுகிற பதிப்பு வேறு, அட்மின் பக்கத்தில் இருக்கிற பதிப்பு வேறு.

தேடும் அளவை நூறிலிருந்து எல்லாம் என்று மாற்றினால் சரியாகுமா? இல்லை, இந்த ஸ்கிரிப்டே இதற்கு உதவாதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

ஸ்கிரிப்ட் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அது என்ன கேட்கிறது, என்ன பதிலை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் மூன்றும் புரிந்துவிடும். லுவா மொழியில் எழுதிய சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான் அது, என்மேப் போட்ட இடத்தில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரிலேயே இருக்கிறது, திறந்து படித்துப் பாருங்கள், பெரிய கோப்பு இல்லை.

அதற்குத் துணையாகப் பெயர்ப் பட்டியல் ஒன்று வருகிறது, வரிக்கு ஒரு பிளக்இனின் ஃபோல்டர் பெயர், அதிகம் பேர் பயன்படுத்துவது மேலே. அதன் ஆவணத்தின்படி பிளக்இன்கள் சுமார் 14,000, தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவங்கள்) சுமார் 32,000. ஒவ்வொரு பெயராக எடுத்து, தளத்தின் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் பிளக்இன்ஸ் என்பதற்குக் கீழே இந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று சர்வரிடம் கேட்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் முதல் 100 பெயரோடு நிறுத்திக்கொள்ளும்.

இப்போது கவனியுங்கள், வருகிற பதில், காணவில்லை என்று பொருள்படும் 404 இல்லையென்றால் பிளக்இன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் கணக்கு. 200 (கிடைத்தது) வந்தாலும் இருக்கிறது, 403 (அனுமதி இல்லை) வந்தாலும் இருக்கிறது. இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான், ஏனென்றால் ஃபோல்டர் பட்டியலைக் காட்டாதே என்று அமைத்த சர்வரில் உண்மையாக இருக்கிற ஃபோல்டருக்குத்தான் 403 வரும். ஆனால் உங்கள் இரண்டாவது தளத்தில் யாரோ பிளக்இன்ஸ் பாதை முழுக்கவே 403 கொடு என்று ஒரு விதி போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்போது இருக்கிற பெயருக்கும் 403, இல்லாத பெயருக்கும் 403, நூற்றுக்கு நூறும் இருக்கிறது என்று வந்துவிடும். பதிப்பு எண்ணை ஸ்கிரிப்ட் எடுக்கிற ரீட்மீ கோப்பையும் அதே விதி தடுத்துவிடுவதால் அந்த எண்ணும் வராது. உறுதிப்படுத்துவது சுலபம், பிரவுசரில் அந்தப் பாதைக்குப் பின்னால் வாயில் வந்த ஒரு பெயரை அடித்துப் பாருங்கள். அதற்கும் 403 வந்தால் விஷயம் முடிந்தது.

முதல் தளத்தில் நடப்பது இதன் மறுபக்கம். தேடத் தொடங்கும் முன் ஸ்கிரிப்ட் இல்லவே இல்லாத ஏதோ ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். அதற்கும் சர்வர் 200 என்று பதில் சொன்னால், இங்கே உண்மையையும் பொய்யையும் பிரிக்க வழியில்லை என்று முடிவு செய்து பேசாமல் வெளியேறிவிடும், திரையில் ஒரு எழுத்துகூட வராது. பக்கம் காணவில்லை என்று சொல்கிற அழகான ஒரு டிசைனைப் போட்டுவிட்டு ஸ்டேட்டஸ் கோடை 200 என்றே விட்டுவிடுகிற தளங்கள் நிறைய இருக்கின்றன. டீபக் (உள்ளே நடப்பதை விவரமாகக் காட்டும்) விருப்பத்தைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள், எதனால் வெளியேறியது என்று அதிலேயே சொல்லும்.

அது இல்லையென்றால் இன்னும் இரண்டு காரணம் பார்க்கலாம். ஐபி எண்ணைக் கொடுத்து ஓட்டினீர்களா, டொமைன் பெயரைக் கொடுத்தீர்களா? ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஐபியைக் கொடுத்தால் வேறு யாருடைய தளமோ, ஹோஸ்டிங்காரரின் வெற்றுப் பக்கமோ பதில் சொல்லும். அப்புறம், வேர்ட்பிரஸ் தளத்தின் வேரிலேயே இருக்கிறதா, பிளாக் போல ஒரு துணை ஃபோல்டருக்குள் இருக்கிறதா? சோர்ஸில் தெரிகிற பாதையிலேயே அது இருக்கும். துணை ஃபோல்டர் என்றால் ரூட் என்ற ஆர்கியுமென்டில் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுக்கு வருகிறேன். ஸ்கிரிப்ட் பதிப்பை எடுப்பது பிளக்இனின் ரீட்மீ கோப்பில் ஸ்டேபிள் டேக் என்ற வரியிலிருந்து. அட்மின் பக்கம் எடுப்பது பிளக்இனின் முதன்மை பிஎச்பி கோப்பின் தலைப்பில் இருக்கிற வெர்ஷன் வரியிலிருந்து. எழுதியவர் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. சில பழைய பிளக்இன்களில் ஸ்டேபிள் டேக்கில் எண்ணே இருக்காது, டிரங்க் என்று மட்டும் போட்டிருப்பார்கள், ஸ்கிரிப்ட் தேடுவது எண்ணையும் புள்ளியையும் மட்டும்தான் என்பதால் அங்கே வெறுமையாக வரும். முரண் வந்தால் பிஎச்பி கோப்பில் இருப்பதை நம்புங்கள்.

லாக்வாசிப்பவர் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் பதில் சொல்ல வந்தது, தேடும் அளவை 'எல்லாம்' என்று மாற்றலாமா என்ற கேள்விக்கு. தயவுசெய்து ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடுகிற தளத்தில் அதைச் செய்யாதீர்கள். சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த லாகுகளைப் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் சொல்கிறேன்.

வேர்ட்பிரஸின் எச்டிஅக்சஸ் (சர்வருக்கான விதிகளை எழுதும்) கோப்பில் ஒரு விதி உண்டு. கேட்ட கோப்பும் இல்லை, அந்தப் பெயரில் ஃபோல்டரும் இல்லை என்றால் கோரிக்கையை இண்டெக்ஸ் பிஎச்பிக்கு அனுப்பு என்பது அது. அதாவது இருக்கிற பிளக்இனைக் கேட்டால் சர்வர் சட்டென்று பதில் சொல்லிவிடும், இல்லாத பிளக்இனைக் கேட்டால்தான் வேர்ட்பிரஸ் முழுவதும் எழுந்து, தீமை ஏற்றி, டேட்டாபேஸைத் தொட்டு, கடைசியில் 404 என்று சொல்லும். நீங்கள் 14,000 பெயரைக் கேட்டால் ஏறக்குறைய அத்தனையும் இல்லாத பெயர்கள்தான். அத்தனை முறையும் வேர்ட்பிரஸ் முழுசாக எழும்ப வேண்டும். குறைந்த விலைத் திட்டத்தில் இருக்கிற தளம் இதில் படுத்துவிடும், அதே மெஷினில் இருக்கிற பக்கத்துத் தளங்களும் சேர்ந்து திணறும். லாகில் அது எப்படித் தெரியும் என்றால், ஒரே ஐபியிலிருந்து நொடிக்குப் பல வரி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிளக்இன் பெயர், வரிசையாக 404, கேட்பது எந்த மென்பொருள் என்று சொல்கிற யூசர் ஏஜென்ட் இடத்தில் என்மேப் ஸ்கிரிப்டிங் என்ஜின் என்று பட்டவர்த்தனமாக. பணியில் இருப்பவர் உடனே அந்த ஐபியைத் தடுப்பார், தடுக்கத்தான் வேண்டும். இந்த ஸ்கிரிப்டை என்மேப்காரர்களே ஊடுருவும் வகை என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள், வழக்கமான டிஃபால்ட் ஸ்கேனில் அது தானாக ஓடாது.

கிளவுட்ஃபிளேர், வேர்ட்ஃபென்ஸ் மாதிரி பாதுகாப்புச் சேவை ஏதாவது முன்னால் நின்றால் இன்னொரு சிக்கல். முதல் சில கோரிக்கைகளுக்கு ஒழுங்காகப் பதில் வரும், அப்புறம் வேகத்தைப் பார்த்துத் தடுத்து 403 அல்லது 429 (கோரிக்கைகள் அதிகம்) கொடுக்கத் தொடங்கும். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, 404 இல்லையே, அதனால் அதற்கப்புறம் வருகிற எல்லாம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும். பட்டியல் ஆரம்பத்தில் நம்பும்படியாக இருந்து ஒரு இடத்துக்கு மேல் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தால் இதுதான் காரணம். உங்கள் சொந்தத் தளம்தானே, யூசர் ஏஜென்டை மாற்றி ஏமாற்றிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், உங்கள் ஐபியை அனுமதிப் பட்டியலில் போட்டுவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தள உரிமையாளர் அனுமதி கொடுத்தது நல்லது, ஆனால் சர்வர் அவருடையது இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் விதிமுறையில் ஸ்கேனிங் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, சப்போர்ட்டுக்கு ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதும் அதன் வேலையைக் குலைப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது, 66ஆவது பிரிவுகளில் வரும், 66இல் மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஓட்டிப் பழக வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப்பிலேயே டாக்கரில் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) ஒரு வேர்ட்பிரஸைப் போட்டு அதன் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

கருவேலங்காடு எழுதியது:

நண்பரே, உங்களுக்கு வேண்டியது இருப்புப் பட்டியல். அதற்கு வெளியிலிருந்து கதவைத் தட்டிப் பார்ப்பது சரியான வழியே இல்லை என்பது என் கருத்து. உள்ளே போகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எஸ்எஸ்எச் (சர்வருக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் வழி) இருக்கிற இடத்தில் வேர்ட்பிரஸுக்கான கட்டளைக் கருவி டபிள்யூபி-சிஎல்ஐயைப் போட்டு பிளக்இன் லிஸ்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் பெயர், இயங்குகிறதா, அப்டேட் காத்திருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று பத்தி பத்தியாக வந்துவிடும். ஊகமே கிடையாது. எஸ்எஸ்எச் இல்லையென்றால் ஹோஸ்டிங் கணக்கின் சிபேனலில் இருக்கிற ஃபைல் மேனேஜரில் பிளக்இன்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும். எது இயங்குகிறது என்று தெரிய வேண்டுமென்றால் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் ஆப்ஷன்ஸ் டேபிளில் ஆக்டிவ் பிளக்இன்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அட்மின் கடவுச்சொல் வராவிட்டாலும் ஹோஸ்டிங் கணக்கு கையில் இருந்தால் இதெல்லாம் முடியும், முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கேயே எம்யு-பிளக்இன்ஸ் என்ற ஃபோல்டரையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் போட்ட பிஎச்பி கோப்பு தானாக ஓடும், அணைக்கிற பொத்தானும் கிடையாது. தளத்தை உடைத்து உள்ளே வந்தவர்கள் ஒளித்துவைக்க விரும்புகிற இடம் அது, என்மேப் பட்டியலில் அது ஒருநாளும் வராது. டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் நேராகக் கிடக்கிற ஆப்ஜெக்ட்-கேஷ், அட்வான்ஸ்டு-கேஷ் போன்ற கோப்புகளையும் திறந்து யார் போட்டது என்று பாருங்கள்.

அணைத்து வைத்திருக்கிற பிளக்இன்களைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் 2020 செப்டம்பரில் வந்த டபிள்யூபி ஃபைல் மேனேஜர் விவகாரம். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளக்இன் அது. எல்ஃபைண்டர் என்ற இன்னொரு மென்பொருளோடு மாதிரிக்காக வந்த ஒரு கோப்பு, அதன் பெயரின் கடைசியில் டிஸ்ட் என்று இருந்தவரை ஓடாது. பிளக்இன் எழுதியவர்கள் அந்த வாலை எடுத்துவிட்டு வெறும் பிஎச்பி என்று முடியும்படி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், லாகின் எதுவும் கேட்காமல் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை நேராகக் கூப்பிட்டுத் தங்கள் பிஎச்பி கோப்பை ஏற்றிவிடலாம் என்று ஆகிவிட்டது. 6.9 பதிப்பில் சரிசெய்தார்கள். வேர்ட்பிரஸ் வழியாகப் போகாமல் நேராகக் கூப்பிடக்கூடிய கோப்பு என்பதால், பிளக்இனை அட்மின் பக்கத்தில் அணைத்து வைப்பது அந்த மாதிரி ஓட்டைக்குப் பாதுகாப்பு ஆகாது. டிஸ்க்கில் இருக்கிற வரை ஆபத்துதான், வேண்டாததை அழித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மட்டும் என்மேப் ஸ்கிரிப்டுக்கு ஒரு நல்ல குணம், அது ஃபோல்டரைத்தான் பார்க்கிறது, இயங்குகிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. உள்ளே பட்டியல் எடுத்து, சுத்தம் செய்து, ரீட்மீ கோப்புகளை வெளியே தெரியாமல் மூடிய பிறகு, வெளியிலிருந்து என்ன தெரிகிறது என்று சரிபார்க்க அதை ஓட்டுங்கள், அதற்கு அது அருமையான கருவி.

மதுரைப்பக்கம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தேன். இரண்டாவது தளத்தில் கண்டபடி ஒரு பெயரைப் போட்டாலும் 403தான், விதி ஒன்று எச்டிஅக்சஸில் இருக்கிறது. முதல் தளத்தில் டீபக் போட்டதும், எல்லாப் பாதைக்கும் 200 வருவதால் வெளியேறுகிறேன் என்கிற செய்தி வந்தது. ஹோஸ்டிங் கணக்குகளைக் கேட்டு அஞ்சல் அனுப்பிவிட்டேன், இரண்டு வந்தும்விட்டன.

மூன்றாவது தளத்தின் ஸ்லைடர் மட்டும் இன்னும் குழப்பம். ஃபைல் மேனேஜரில் பார்த்தால் ரெவ்ஸ்லைடர் என்று ஃபோல்டர் இருக்கிறது. அட்மின் பக்கத்தில் அதற்கு அப்டேட் எதுவும் காத்திருப்பதாகக் காட்டவில்லை. அப்படியென்றால் அது புதிய பதிப்புதான் என்று எடுத்துக்கொள்ளலாமா அண்ணா? செக்-லேட்டஸ்ட் என்று ஒரு ஆர்கியுமென்ட் இருக்கிறதே, அதைப் போட்டால் சொல்லுமா? டபிள்யூபிஸ்கேன் இதைவிட மேலா?

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. அது ரெவல்யூஷன் ஸ்லைடர், காசு கொடுத்து வாங்குகிற பிளக்இன். வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ இலவசக் களஞ்சியத்தில் அது கிடையாது. செக்-லேட்டஸ்ட் செய்வது அந்தக் களஞ்சியத்தின் ஏபிஐயிடம் (மென்பொருள்கள் தகவல் கேட்கும் வாசல்) புதிய பதிப்பு எண்ணைக் கேட்பது மட்டுமே, வெளியே ஒரு சேவையைக் கூப்பிட வேண்டியிருப்பதால் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். களஞ்சியத்தில் இல்லாத பிளக்இனைப் பற்றி அது எதுவும் சொல்ல முடியாது. உங்கள் அட்மின் பக்கம் அமைதியாக இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். யாரோ வாங்கிய தீமோடு இலவச இணைப்பாக வந்திருக்கும், தனி லைசென்ஸ் இருக்காது, அதனால் அப்டேட் செய்தியும் வராது.

இது சின்ன விஷயம் இல்லை. 2014இல் இதே பிளக்இனின் பழைய பதிப்புகளில் சர்வரிலிருக்கிற கோப்புகளை, டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கிற டபிள்யூபி-கான்ஃபிக் உட்பட, வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஓட்டை இருந்தது. எழுதியவர்கள் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே புதிய பதிப்பில் அடைத்துவிட்டார்கள், ஆனால் தீமோடு வந்த பிரதிகள் அப்படியே கிடந்தன. அந்த டிசம்பரில் சோக்சோக் என்ற தாக்குதல் இந்தப் பிளக்இன் வழியாகப் பரவியபோது கூகுள் 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடுப்புப் பட்டியலில் போட வேண்டியதாயிற்று. தங்கள் தளத்தில் அப்படி ஒரு பிளக்இன் இருப்பதே அந்தத் தளக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

அதனால் இப்போதே அந்த ஃபோல்டரில் ரெவ்ஸ்லைடர் பிஎச்பி கோப்பைத் திறந்து முதல் சில வரியில் வெர்ஷன் என்ன என்று பாருங்கள். பழையதென்றால் தீமை வாங்கிய கணக்கு யாரிடம் இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள், தீமின் புதிய பதிப்போடு ஸ்லைடரின் புதிய பதிப்பும் பெரும்பாலும் வரும். கிடைக்கவில்லையென்றால் தனி லைசென்ஸ் வாங்கச் சொல்லுங்கள், அதுவும் முடியாதென்றால் ஸ்லைடரையே எடுத்துவிடுங்கள். முகப்பில் படம் நகராவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

டபிள்யூபிஸ்கேன் வேர்ட்பிரஸுக்கென்றே எழுதிய கருவி என்பதால் இந்த வேலைக்கு என்மேப் ஸ்கிரிப்டைவிடத் தெளிவாகப் பார்க்கும். முதலில் பக்கத்தின் சோர்ஸில் கிடைக்கிற பாதைகளிலிருந்து அமைதியாக எடுத்துக்கொள்ளும், உங்கள் முதல் தளத்தில் காண்டாக்ட் ஃபார்ம் 7 கிடைத்தது போல. ஓட்டை விவரமும் வேண்டுமென்றால் அதற்கு ஏபிஐ டோக்கன் வாங்க வேண்டும், இலவச டோக்கனுக்குத் தினசரி வரம்பு உண்டு. கருவியே இல்லாமல் பார்க்க இன்னொரு வழி, டொமைனுக்குப் பின்னால் டபிள்யூபி-ஜேசன் என்று போட்டுத் திறந்தால் நேம்ஸ்பேசஸ் என்று ஒரு பட்டியல் வரும், ரெஸ்ட் ஏபிஐ பயன்படுத்துகிற பிளக்இன்களின் பெயர்கள் அதில் அப்படியே இருக்கும். ஒரே ஒரு கோரிக்கை, சர்வருக்குச் சுமையே இல்லை. சோர்ஸில் கோப்புப் பெயருக்குப் பின்னால் வருகிற வெர் என்ற எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பிளக்இன் எழுதியவர் தன் எண்ணைக் கொடுக்காவிட்டால் வேர்ட்பிரஸ் தன்னுடைய சொந்தப் பதிப்பு எண்ணை அங்கே போட்டுவிடும்.

என்மேப்பையே வைத்துக்கொள்வதென்றால் அந்தப் பெயர்ப் பட்டியல் கோப்பில் நீங்களே எழுதலாம். ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே ரெவ்ஸ்லைடர், ஜேஎஸ் கம்போசர் (டபிள்யூபிபேக்கரியின் ஃபோல்டர் பெயர் அதுதான்), டபிள்யூபி-ஃபைல்-மேனேஜர், இன்னும் உங்கள் தளங்களில் உள்ளே பார்த்தபோது கிடைத்த காசு பிளக்இன்களின் ஃபோல்டர் பெயர்களை எல்லாம் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நூறு என்ற அளவை மாற்றாமலே அவற்றையும் சேர்த்துத் தேடும். ஃபோல்டர் பெயரை ஆங்கிலத்தில் சர்வரில் இருக்கிறபடியே, அடிக்கோடு எங்கே சிறுகோடு எங்கே என்று பார்த்து எழுத வேண்டும், ஒரு குறி மாறினாலும் 404தான்.